ஒரு வாக்கியத்தில் எத்தனை முற்றுவினை?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோரும் இங்கிலீஷ் மீடியம். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியத்தைப் பிரிக்கும் பாடம் வந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் தடுமாறுகிறேன். ஒரு மாணவியின் நோட்டில் இருந்து மூன்று வாக்கியங்களை அனுப்புகிறேன்.

ஒன்று: “ஆஃப்டர் எ லாங் அண்ட் டயரிங் ஜர்னி இன் எ க்ரௌடட் லோக்கல் ட்ரெய்ன், மை ஃபாதர் ரீச்ட் கல்யாண் அட் மிட்நைட்.” காம்ப்ளெக்ஸ் என்று எழுதினாள். ஆசிரியர் அடித்துவிட்டு சிம்பிள் என்று போட்டிருக்கிறார். இரண்டு: “ஐ திங்க் ஹி இஸ் ரைட்.” இதற்கு சிம்பிள் என்று எழுதினாள், ஆசிரியர் காம்ப்ளெக்ஸ் என்கிறார். மூன்று: “மை மதர் கேம் ஹோம் அண்ட் குக்ட் டின்னர்.” இது காம்பவுண்ட் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இணையத்தில் எடுத்த ஒர்க்‌ஷீட்டில் இதே மாதிரி வாக்கியத்துக்கு சிம்பிள் என்று விடை இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? நான் தமிழ் மீடியத்தில் படித்ததுதான் இதற்குத் தடையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றிலும் பள்ளிக்கூடம் சொல்வது சரி. மூன்றாவதில் ஒர்க்‌ஷீட் சொல்வதும் தவறில்லை. அதற்குத் தனியாக வருகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், நோட்டில் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்.

தமிழ் மீடியம் தடையில்லை. இந்தப் பாடத்தின் சாவியே உங்களிடம்தான் இருக்கிறது. ‘வந்தான்’ முற்று, ‘வந்து’ வினையெச்சம், ‘வந்த’ பெயரெச்சம் என்று நீங்கள் பத்தாவதுக்குள்ளேயே படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘ஃபைனைட் வெர்ப்’ என்பது அந்த முற்றுவினைதான். பிள்ளைகளுக்கு ‘வெர்ப்’ தெரியும். எந்த வெர்ப் முற்று, எது முற்றில்லை என்பது தெரியாது. அதனால் நீளத்தையும் கமாவையும் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

வாக்கியத்தின் வகையைத் தீர்மானிப்பது முற்றுவினைகளின் எண்ணிக்கையும் அவை இணைந்திருக்கும் விதமும்தான்: முற்று ஒன்றே என்றால் சிம்பிள், ஒன்றுக்கு மேல் சமமாக இணைந்தால் காம்பவுண்ட், ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ். முதல் வாக்கியத்தைப் பாருங்கள். பதினாறு சொற்களுக்கு மேல் இருக்கிறது, நடுவில் கமா, தொடக்கத்தில் ‘ஆஃப்டர்’. ஆனால் முற்றுவினை ‘ரீச்ட்’ ஒன்றே ஒன்று. ‘டயரிங்’, ‘க்ரௌடட்’ இரண்டும் பெயருக்கு அடைமொழியாக நிற்கின்றன. ‘அண்ட்’ இணைப்பது ‘லாங்’, ‘டயரிங்’ என்ற இரண்டு அடைமொழிகளை, வாக்கியங்களை அல்ல. ஆகவே சிம்பிள். இரண்டாவது வாக்கியத்தில் ஐந்தே சொற்கள். ஆனால் ‘திங்க்’, ‘இஸ்’ என்று முற்று இரண்டு.

எது முற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று நடந்ததாக இருக்கும் வாக்கியத்தை ‘எவ்ரி டே’ என்று தினமும் நடப்பதாக மாற்றினால், எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் முற்று. “தி பாய்ஸ் செலக்டட் ஃபார் தி டீம் ப்ராக்டிஸ்ட் அட் சிவாஜி பார்க்.” இதில் ‘செலக்டட்’, ‘ப்ராக்டிஸ்ட்’ இரண்டுமே இறந்தகால வினை போலத் தெரியும். தினமும் நடப்பதாக மாற்றுங்கள்: “தி பாய்ஸ் செலக்டட் ஃபார் தி டீம் ப்ராக்டிஸ் அட் சிவாஜி பார்க் எவ்ரி டே.” ‘செலக்டட்’ அசையவில்லை. அது நம் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்ற பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. மாறியது ‘ப்ராக்டிஸ்ட்’ மட்டும். முற்று ஒன்று, வாக்கியம் சிம்பிள்.

இதோடு மூன்று வடிவங்களைக் கண்ணை மூடிக்கொண்டு விலக்கலாம். ‘டு’ முன்னால் வரும் வினை முற்றாகாது: ‘டு ஜாயின்’, ‘டு ஈட்’. துணைவினை இல்லாமல் தனியாக வரும் ‘-இங்’ முற்றாகாது. ‘ஹேவிங் ஃபினிஷ்ட்’ மாதிரி ‘ஹேவிங்’ போட்டுத் தொடங்குவதும் ஆகாது. ரயில் நிலைய அறிவிப்புப் பாணியில் ஒன்று சொல்கிறேன்: “தி ட்ரெய்ன் அரைவிங் ஆன் ப்ளாட்ஃபார்ம் நம்பர் த்ரீ இஸ் எ ஸ்லோ லோக்கல்.” ‘அரைவிங்’ தனியாக நிற்கிறது, அதை விடுங்கள், முற்று ‘இஸ்’. அதே சமயம் “தி ட்ரெய்ன் இஸ் அரைவிங்” என்று வந்தால் ‘இஸ் அரைவிங்’ இரண்டும் சேர்ந்து ஒரு முற்று. ‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’ மூன்று சொல், ஆனால் ஒரே முற்று. ‘வில் கம்’, ‘டிட் நாட் கோ’ எல்லாம் அப்படியே. பிள்ளைகள் ‘ஹேஸ்’ ஒன்று, ‘பீன்’ ஒன்று, ‘வெயிட்டிங்’ ஒன்று என்று எண்ணித் தொலைப்பார்கள். துணைவினையையும் முதன்மை வினையையும் சேர்த்து ஒரே கோடாக அடிக்கோடிடச் சொன்னால் இந்தத் தவறு நின்றுவிடும்.

இனி நம்மவர்கள் வழுக்கி விழும் இடம். இந்த இரண்டையும் பாருங்கள்:

“ஆஃப்டர் ரீச்சிங் ஹோம், ஹி கால்ட் மீ.”
“ஆஃப்டர் ஹி ரீச்ட் ஹோம், ஹி கால்ட் மீ.”

தமிழில் இரண்டுக்கும் ‘வீட்டுக்குப் போனதும் எனக்கு போன் பண்ணினான்’ என்றுதான் சொல்வோம். பொருள் ஒன்றுதான். ஆனால் முதலாவது சிம்பிள். ‘ரீச்சிங்’ முற்று இல்லை. இரண்டாவது காம்ப்ளெக்ஸ், ‘ரீச்ட்’, ‘கால்ட்’ இரண்டும் முற்று. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் ஒரே முற்றில் முடியும். மற்ற வினைகளை எச்சமாகவோ பெயராகவோ சுருக்கி முன்னால் அடுக்கிவிடுவோம்: மழை பெய்ததால், அவன் வந்தபோது, நீ சொன்னால், நேற்று பார்த்த. ஆங்கிலம் அந்த இடங்களில் பலமுறை முழு முற்றையே வைக்கும். அதனால் வாக்கியத்தைத் தமிழில் மொழிபெயர்த்துப் பார்த்து வகையைச் சொன்னால் காம்ப்ளெக்ஸ் வாக்கியம்கூட சிம்பிள் போலத்தான் தெரியும். பொருள் புரிந்துகொள்ள மொழிபெயர்க்கலாம். தீர்ப்பு மட்டும் ஆங்கில வினையின் வடிவத்தைப் பார்த்துத்தான்.

மும்பைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தெருவில் பேசும் இந்தி இங்கே கைகொடுக்கும். ‘நேற்று வந்த பையன் என் நண்பன்’ என்பதில் தமிழ் ஒரு பெயரெச்சத்தோடு முடித்துக்கொள்கிறது. இந்தியில் “ஜோ லட்கா கல் ஆயா தா, வோ மேரா தோஸ்த் ஹை” என்பார்கள்; ‘ஆயா தா’, ‘ஹை’ என்று இரண்டு முற்று. ஆங்கிலமும் அப்படித்தான்: “தி பாய் ஹு கேம் யெஸ்டர்டே இஸ் மை ஃப்ரெண்ட்.” ‘ஜோ’ இருக்கும் இடத்தில் ‘ஹு’, ‘விச்’, ‘தட்’ வரும் என்று சொல்லிக் கொடுங்கள், ‘ஜப்’ வந்தால் ‘வென்’, ‘அகர்’ வந்தால் ‘இஃப்’. இந்தி வரிசையை அப்படியே எடுத்து ஆங்கிலம் எழுதிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்குத் தமிழே போதும். ‘அவன் வருவான் என்று நினைக்கிறேன்’ என்பதில் ‘வருவான்’, ‘நினைக்கிறேன்’ இரண்டுமே முற்று. நடுவில் ‘என்று’ பாலம். பேச்சில் ‘வருவான்னு’ என்று சுருங்கினாலும் பாலம் போகாது. ஆங்கிலத்தில் அந்த வேலை ‘தட்’டுக்கு. ஆனால் ஆங்கிலம் ‘தட்’டை விழுங்கிவிடும்: “ஐ திங்க் ஹி இஸ் ரைட்.” உங்கள் மாணவி இணைப்புச் சொல்லைத் தேடியிருப்பாள், கிடைக்கவில்லை, சிம்பிள் என்று எழுதிவிட்டாள். ‘திங்க்’, ‘நோ’, ‘சே’, ‘ஹோப்’, ‘பிலீவ்’ போன்ற வினைக்குப் பிறகு இன்னொரு எழுவாயும் முற்றும் வந்தால் நடுவில் ‘தட்’ போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இடித்தால் விடுங்கள், ஒட்டினால் காம்ப்ளெக்ஸ்.

முற்று இரண்டு அல்லது அதற்கு மேல் இருக்கிறது என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி: அவை சமமாக நிற்கின்றனவா, ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்கிறதா? சமமாக இணைக்கும் சொற்கள் ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், செய்யட்டும். இவற்றில் ஒன்று இரண்டு முழு வாக்கியங்களை இணைத்தால் காம்பவுண்ட். ‘பிகாஸ்’, ‘வென்’, ‘இஃப்’, ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’, ‘ஹு’, ‘விச்’, ‘தட்’ போன்றவை தங்களுக்குப் பின்னால் வரும் வாக்கியத்தைத் துணை வாக்கியமாக்கிவிடும். அதைத் தனியே வெட்டிப் படித்தால் அந்தரத்தில் தொங்கும். “பிகாஸ் தி ட்ரெய்ன் வாஸ் லேட்.” அப்புறம் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்படித் தொங்கும் துண்டு ஒன்றாவது இருந்து, தொங்காத முதன்மை வாக்கியம் ஒன்றே இருந்தால் காம்ப்ளெக்ஸ். தொங்காதது இரண்டு, தொங்குவது ஒன்றாவது என்றால் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ்.

ஒரே செய்தியை மூன்று உருவில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மழைக்காலத்தில் மும்பையில் இதற்கு விளக்கமே தேவையில்லை. “ட்யூ டு ஹெவி ரெய்ன், தி ட்ரெய்ன் வாஸ் லேட்.” இது சிம்பிள். “இட் ரெய்ன்ட் ஹெவிலி, ஸோ தி ட்ரெய்ன் வாஸ் லேட்.” இது காம்பவுண்ட். “பிகாஸ் இட் ரெய்ன்ட் ஹெவிலி, தி ட்ரெய்ன் வாஸ் லேட்.” இது காம்ப்ளெக்ஸ். மூன்றிலும் கமா இருக்கிறது. மூன்றாவதைத் திருப்பிப்போட்டு “தி ட்ரெய்ன் வாஸ் லேட் பிகாஸ் இட் ரெய்ன்ட் ஹெவிலி” என்று எழுதினால் கமா போய்விடும், வகை மாறாது. கமாவை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இணைப்புச் சொல் பட்டியலையும் முழுசாக நம்ப முடியாது. ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘சின்ஸ்’, ‘அன்டில்’ நான்கும் இரட்டை வேடம் போடும். “பிஃபோர் தி எக்ஸாம்” என்றால் வெறும் தொடர். “பிஃபோர் தி எக்ஸாம் பிகின்ஸ்” என்றால் துணை வாக்கியம். சொல்லுக்குப் பின்னால் முற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வட்டமிட வேண்டும். “தட் பாய்” என்பதில் ‘தட்’ சுட்டு, ‘அந்த’. அது எதையும் இணைக்கவில்லை. ‘ஸோ’ காம்பவுண்ட் ஆக்கும், ‘ஸோ தட்’ காம்ப்ளெக்ஸ் ஆக்கும். ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ இரண்டும் அந்த ஏழில் சேராது. அவற்றை வைத்து இரண்டு வாக்கியத்தை இணைக்க முன்னால் அரைப்புள்ளி வேண்டும். கமா போட்டு இணைத்தால் பிழை.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். “மை மதர் கேம் ஹோம் அண்ட் குக்ட் டின்னர்.” எழுவாய் ஒன்று, முற்று இரண்டு. நம் நாட்டுப் பள்ளிப் புத்தகங்களின் வழக்கம், குறிப்பாக வாக்கியத்தை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் பயிற்சிகளில், இதைக் காம்பவுண்ட் என்றே வைத்துக்கொள்வது. ‘குக்ட்’டுக்கு முன்னால் ‘ஷி’ மறைந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். “ஹேவிங் கம் ஹோம், மை மதர் குக்ட் டின்னர்” என்று மாற்றினால் சிம்பிள் என்பார்கள். அமெரிக்கப் பள்ளிப் பாணியில் தயாரான ஒர்க்‌ஷீட்கள் வேறு மாதிரி எண்ணும். இரண்டு முற்றுக்கும் தனித்தனி எழுவாய் வெளிப்படையாக இருந்தால்தான் அவர்களுக்குக் காம்பவுண்ட். எழுவாய் பொதுவாக இருந்தால் அது ‘காம்பவுண்ட் ப்ரெடிகேட்’ உள்ள சிம்பிள் வாக்கியம். தமிழ் இலக்கணத்தில் ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெற்றால் அது தனி வாக்கியம் ஆகாது, தொடர் வாக்கியம் என்று படித்திருப்பீர்கள். ஆகவே பள்ளிக் கணக்கு உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

தேர்வில் பாடப்புத்தகத்தின் வழியே போகட்டும். இணைய ஒர்க்‌ஷீட் கொடுத்தால், இந்த மாதிரி வாக்கியங்களை அடித்துவிட்டுக் கொடுங்கள். நீங்களே கேள்வி தயாரிக்கும்போது இரண்டாவது எழுவாயை எழுதிவிடுங்கள்: “மை மதர் கேம் ஹோம், அண்ட் ஷி குக்ட் டின்னர்.” இப்போது எந்தக் கட்சிக்கும் இது காம்பவுண்ட்தான். கமாவையும் கவனிக்கச் சொல்லுங்கள்: எழுவாய் இரண்டு முறை வந்தால் ‘அண்ட்’டுக்கு முன் கமா போடுவது வழக்கம், பொதுவாக இருந்தால் வேண்டாம். இதன் மறுபக்கமும் உண்டு. “ரவி அண்ட் கலா கேம் ஹோம்” என்பதில் எழுவாய் இரண்டு, முற்று ஒன்று. இது எல்லோருக்கும் சிம்பிள்.

ட்யூஷனில் செய்ய வேண்டியதை ஒரு வாக்கியத்தை வைத்தே காட்டுகிறேன். பென்சில் போதும்.

“வென் தி பெல் ரேங், தி சில்ட்ரன் ஹு வேர் ப்ளேயிங் இன் தி காரிடார் ரேன் இன்சைட், பட் ரவி, ஹோல்டிங் ஹிஸ் டிஃபின் பாக்ஸ், ஸ்டூட் நியர் தி கேட்.”

முதலில் முற்றுகளுக்கு அடிக்கோடு: ‘ரேங்’, ‘வேர் ப்ளேயிங்’, ‘ரேன்’, ‘ஸ்டூட்’. நான்கு. ‘ஹோல்டிங்’ தனி ‘-இங்’, கோடு கிடையாது. அடுத்து இணைப்புச் சொற்களுக்கு வட்டம்: ‘வென்’, ‘ஹு’, ‘பட்’. இதில் ‘வென்’, ‘ஹு’ இரண்டும் துணை வாக்கியத்தைத் தொடங்குபவை. அங்கே அடைப்புக்குறியைத் திறந்து, அந்தத் துண்டு முடியும் இடத்தில் மூட வேண்டும். ‘வென் தி பெல் ரேங்’ ஒரு அடைப்பு. ‘ஹு வேர் ப்ளேயிங் இன் தி காரிடார்’ இன்னொன்று. பிள்ளைகள் தப்பு செய்வது மூடும் இடத்தில்தான். ‘ரேன் இன்சைட்’டையும் உள்ளே இழுத்துவிடுவார்கள். ஓர் அடைப்புக்குள் ஒரு முற்றுதான் என்று விதி வைத்துவிடுங்கள், இந்தப் பாடத்துக்கு அது போதும். இப்போது அடைப்புக்கு வெளியே மிஞ்சுவது: “தி சில்ட்ரன் ரேன் இன்சைட், பட் ரவி, ஹோல்டிங் ஹிஸ் டிஃபின் பாக்ஸ், ஸ்டூட் நியர் தி கேட்.” வெளியே முற்று இரண்டு, உள்ளே இரண்டு. காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ்.

அடைப்பு போட்டபின் வெளியே இருப்பது எப்போதும் முழுதாக நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. “வாட் ஹி செட் இஸ் ட்ரூ.” ‘வாட் ஹி செட்’டை அடைத்துவிட்டால் ‘இஸ் ட்ரூ’ மொட்டையாக நிற்கும், ஏனென்றால் அந்தத் துணை வாக்கியமே இங்கே எழுவாய். அதன் இடத்தில் ‘இட்’ போட்டுப் பாருங்கள்: “இட் இஸ் ட்ரூ.” நின்றுவிட்டது. காம்ப்ளெக்ஸ்தான்.

இன்னொரு குழப்பமும் உங்கள் பிள்ளைகளிடம் இருக்கலாம். ‘டிக்ளரேட்டிவ்’, ‘இன்டராகேட்டிவ்’, ‘இம்பெரட்டிவ்’, ‘எக்ஸ்க்ளமேட்டரி’ என்ற நான்கு வகை வேறு கணக்கு; அது வாக்கியம் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது: செய்தி, கேள்வி, கட்டளை, வியப்பு. நாம் பேசுவது வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு பெயரும் உண்டு. “டூ யூ நோ வேர் ஷி லிவ்ஸ்?” இன்டராகேட்டிவ், அதோடு காம்ப்ளெக்ஸ்: ‘டூ நோ’ ஒரு முற்று, ‘லிவ்ஸ்’ இன்னொன்று. “ஹரி அப், ஆர் யூ வில் மிஸ் தி ட்ரெய்ன்” இம்பெரட்டிவாகத் தொடங்கும் காம்பவுண்ட். கட்டளையில் ‘யூ’ என்ற எழுவாய் எழுதாமலேயே இருக்கும். கேள்வித்தாளில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த வகுப்பில் கொடுத்துப் பார்க்க நான்கு வாக்கியங்கள். “பீயிங் டயர்ட், ஷி ஸ்லெப்ட் ஏர்லி” சிம்பிள். “ஹி வான்டட் டு ஜாயின் தி நேவி, பட் ஹிஸ் ஐசைட் வாஸ் வீக்” காம்பவுண்ட். ‘டு ஜாயின்’ கணக்கில் வராது. “தி வடா பாவ் ஐ ஏட் அட் தாதர் வாஸ் கோல்ட்” காம்ப்ளெக்ஸ். ‘நான் தின்ற வடா பாவ்’ என்ற பெயரெச்சம்தான் அது, ‘தட்’ ஒளிந்திருக்கிறது. நான்காவதில் பாதிப் பேராவது ஏமாறுவார்கள்: “ஐ நோ தட் ஹி வில் கம் வென் தி ரெய்ன் ஸ்டாப்ஸ்.” முற்று மூன்று என்றதும் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று எழுதிவிடுவார்கள். அடைப்புப் போடச் சொல்லுங்கள். ‘தட் ஹி வில் கம்’ உள்ளே, ‘வென் தி ரெய்ன் ஸ்டாப்ஸ்’ உள்ளே. வெளியே ‘ஐ நோ’ மட்டும். அந்த ஏழில் ஒரு சொல்கூட இல்லை. ஆகவே இது காம்ப்ளெக்ஸ்.